போர்டில் நின்ற கோழிக்கால்

எழுபதுகளில் துறைமுகச் சாலையில் ஒரு பரோட்டாக் கடைக்கு நான் போர்டு எழுதினேன். உட்கார்ந்தவுடனே இலையில் பரோட்டா விழுகிற கடை. லாரிக்காரர்கள் நின்றபடியே பிய்த்துப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ‘பரோட்டா, சால்னா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கிண்ணமும் வரைந்தேன்.

“என்னடே, மொட்டையா இருக்கு? ஒரு கோழிக்கால நிமித்தி வையி” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

வைத்தேன். அன்று காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அதனாலோ என்னவோ, கால் கிண்ணத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எண்ணெய் வழிகிற மாதிரி மஞ்சளில் ஒரு தீற்று வேறு. பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை பிடித்துப்போய், கொஞ்ச நாளைக்கு மதியச் சாப்பாடு இங்கன சாப்பிட்டுக்கோ என்றார் அண்ணாச்சி. அப்படி ஒரு மதியம், பெரியதாழையிலிருந்து ஒரு புருசனும் பெண்டாட்டியும் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவள் மாசமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த வழி. போன தடவை பஸ்ஸிலிருந்து போர்டைப் பார்த்தவள், அன்றிலிருந்து அந்தக் கால் நினைப்பாகவே இருக்கிறாளாம். வேறெதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லையாம். அதைப் புருசன்காரர் கடை முழுக்கக் கேட்கும்படி சந்தோசமாகச் சொன்னார்.

சப்ளையர் அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்: “நாலு பரோட்டா, ரெண்டு எம்டி!”

“ஏளா, எம்டியாம்லா! அந்தக் காலுக்கு அதான் பேரு போல” என்றார் புருசன்.

அவளும் ஆசையாகத் தலையாட்டினாள். கறித்துண்டு போடாத வெறும் சால்னாவுக்குத்தான் எங்கள் பரோட்டாக் கடைகளில் எம்டி என்று பேர். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

சால்னா வந்தது. அவள் கரண்டியால் அடிவரைக்கும் துழாவினாள். ஒரு கிராம்பு மட்டும் மேலே வந்தது.

“அண்ணாச்சி, கோழிக்கால் எங்க?” என்றார் புருசன்.

“எந்தக் கால்?”

“போர்டுல நிக்குல்லா, அது.”

“அது பெயிண்டுடே! கோழி தனி. அதுவும் தீந்துபோச்சு. கடைசித் துண்டு இப்பத்தான் போச்சு.”

கடையே சிரித்தது.

“அப்ப போர்ட நக்கச் சொல்லுதியளோ? மாசமா இருக்கவ ஆசப்பட்டதத் திங்கலன்னா பிள்ளைக்குக் காது வடியும்னு சொல்லுவாவ எங்க ஊர்ல!”

“விடுங்க” என்றாள் அவள். “வரைஞ்சவன் நல்ல பசியில வரைஞ்சிருப்பான் போல.”

அந்தக் கடைசித் துண்டு என் இலையில்தான் இருந்தது. கட்டைவிரல் தடிமன்கூட இருக்காது, ஆனாலும் கால். எச்சில் படவில்லை. “இந்தா தங்கச்சி” என்று எடுத்து வைக்க ஒரு நொடி ஆகுமா? வரைந்தவன் நான்தான் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம். பரோட்டாவை இழுத்து அதை மூடினேன். அவர்கள் எழுந்து போகிறவரைக்கும் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு காதில் பஞ்சு வைத்த பிள்ளை எதைப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்னும்.

அடுத்த மழையில் போர்டு மங்கிப்போய், அண்ணாச்சி கூப்பிட்டு விட்டார். கோழிக்காலை அழித்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் ஏணியில் ஏறினேன். இறங்கும்போது அது முன்னைவிட மினுமினுத்தது. தொழில் அப்படி என்று சொல்லிக்கொண்டேன்.

“சாப்பிட்டுட்டுப் போடே. கோழி இருக்கு.”

“எம்டி போதும் அண்ணாச்சி” என்றேன்.