ரங்கூனில் வாசித்த மாமா

அன்று காலையிலிருந்தே என் மாமா ரங்கூனுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கப்பலில் அல்ல. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், குழாயடிக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில். "ரங்கூன்ல வாசிச்சேன் முதலாளி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு நடை. "முதலாளி, நான் வாசிச்சது ரங்கூன்லங்க" என்று திரும்பி ஒரு நடை. முதலாளி முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பது அவருக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. நானும் அவர் பின்னாலேயே நடந்தேன். ஓர் இடத்தில் உட்கார் என்றால் எனக்கு அப்போதும் ஆகாது, இப்போதும் ஆகாது.

மாமா ரங்கூனைக் கண்ணால் கண்டதில்லை. பிறந்தது பினாங்கில், வளர்ந்தது பினாங்கில். கடல் தாண்டி அவர் போன அதிகத் தூரம் பிறை ரயிலடி.

அவர் என் அம்மாவுக்குத் தம்பி. எங்கள் வீட்டோடுதான் இருந்தார். கிளாரினெட் வாசிப்பார். வேறென்ன செய்வார் என்று என் அப்பாவைக் கேட்டால், சாப்பிடுவார் என்று பதில் வரும். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். எந்தக் காரியமானாலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு மூடிவிட வேண்டும் அவருக்கு. அப்படித்தான் மாமாவையும் மூடப் பார்த்தார். சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் வேலை பேசி முடித்தாயிற்று. திங்கட்கிழமை காலைப் படகில் கிளம்ப வேண்டியது. அம்மா அழுது மூக்கைச் சிந்தி ஒரே ஒரு சலுகை வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் ஒரு பேண்டு செட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் இடம் கிடைத்துவிட்டால் மாமா போக வேண்டாம்.

கிடைக்காவிட்டால் தோட்டம்தான். அங்கே கிளாரினெட்டை யார் கேட்பார்கள், ரப்பர் மரமா? மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. எனக்கோ என் கவலை. அந்த வீட்டில் என் பக்கம் பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் அவர். நான் கோப்பையை உடைத்தால் தன் முழங்கை பட்டுவிட்டதென்பார். நான் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்பார். அப்படி ஒருவர் போய்விட்டால் என் கதி அதோகதி என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ரங்கூனுக்கு வருகிறேன். அந்தச் செட்டு கல்யாணங்களுக்குப் போகிற செட்டு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் சிவப்புக் கோட்டும் சரிகையுமாக வாசித்துக்கொண்டு போவார்கள். அதன் சொந்தக்காரர் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த முதலாளி. ஆள் கேட்டு யார் போனாலும், இதற்கு முன்னால் எங்கே வாசித்தாய் என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாம். மாமாவுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. தாராளமாக இருந்தது. வெளியே சொல்லத்தான் முடியாது.

பணக்காரச் சீனர் வீட்டில் சாவு விழுந்தால் அந்தக் காலத்தில் பிணப்பெட்டிக்கு முன்னால் பேண்டு போகும். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, மெதுவான நடை. அதில்தான் மாமா சில வருஷமாகக் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார். வீட்டில், கிட்டங்கியில் மூட்டை எண்ணக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் அம்மாவோடு பாசாருக்குப் போனபோது எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்தது. அம்மா சகுனம் சரியில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். திரும்பச் சொன்னால் திரும்புகிற பிள்ளையா நான்? பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பிப்போய் என் மாமா வந்துகொண்டிருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலமே சிவப்புச் சாயம் ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்று என் கைக்கு வந்தது. என் வாய் அடைபட்டது.

சாவுக்கு வாசித்தவனைத் தாலி கட்டுகிற வீட்டு வாசலில் நிறுத்த நம்மவர்களில் எவன் சம்மதிப்பான்? வாசிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த மூச்சு மணமக்கள்மேல் படக்கூடாதென்பார்கள். அதனால்தான் ரங்கூன். தூரத்து ஊர், போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரும் பொய்யென்று சொல்லப்போவதில்லை.

மாமா வழியில் மனம் மாறி எங்காவது ஒதுங்கிவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். காவலுக்கு என்னை அனுப்பினாள். அப்பாவின் பழைய தொப்பி ஒன்றை மாமா தலையில் வைத்துக்கொண்டார். டிராமில் ஏறியதும் நான் முதலாளியானேன். எந்த ஊரில் வாசித்தாய் என்று அதட்டுவேன், ரங்கூன் என்பார். ரங்கூனில் எங்கே என்பேன், பட்டாளத்து பேண்டு என்பார். எந்தத் தெரு என்றேன். மாமா விழித்தார். அந்த ஊருக்குத் தெருக்கள் இருக்கும் என்கிற யோசனையே அதுவரை அவருக்கு வந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். மாமா பெட்டியைத் திறப்பதும் கிளாரினெட்டைத் தடவுவதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கு இறங்கி டிராமை முன்னால் தள்ளலாம் போல இருந்தது.

கடைத்தெருவில் பாத்திரக் கடைக்கு மேலேதான் செட்டின் அறை. ஏணி மாதிரி செங்குத்தான படிகள். மேலே ஒரே புழுக்கம். மழை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வராமலே இருந்த நாள். சுவரில் சிவப்புக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. முதலாளி நாற்காலியில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார், பருத்த மனிதர். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒல்லியாக, வெள்ளைச் சட்டை கசங்காமல் ஒருவர் நின்றார். அவர்தான் பேண்டு மாஸ்டர். யாரை எடுப்பது என்பது அவர் வாய்ச் சொல், சம்பளம் கொடுப்பது முதலாளி.

முதலாளி கேட்டார். மாமா தடுமாறாமல் ரங்கூன் என்றார், பட்டாளத்து பேண்டு என்றார். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ரங்கூனில் வாசித்தவனே நம் செட்டுக்கு வந்துவிட்டான் பார் என்று பின்னால் பார்த்துச் சொன்னார். மாஸ்டர் சிரிக்கவில்லை. மாமாவின் கையை, கிளாரினெட்டைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருப் பெயரை யாரும் கேட்கவில்லை. நான் பெருமூச்சு விட்டேன்.

கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிற ஒன்றை வாசிக்கச் சொன்னார்கள். மாமா வாசித்தார். காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்த மனிதர் எங்கே போனார் என்று தெரியவில்லை. எனக்கு இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் என் கால் இரண்டும் சும்மா நின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளி தொடையில் தாளம் போட்டார், வெற்றிலையை மெல்ல மறந்தார். கீழே கடையில் பாத்திரச் சத்தம்கூட அடங்கிப்போயிற்று. முடிந்தது, இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமைப் படகு மாமா இல்லாமல் போகப்போகிறது என்று எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

போதும் என்று மாஸ்டருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வாயைத் திறந்து சொல்லவில்லை. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். தலைக்கு மேலே நேராகத் தூக்கி, வெடுக்கென்று கீழே இறக்கினார்.

மாமா அந்தக் கணமே நிறுத்தினார். பாட்டு நடுவில் அறுந்தது. கிளாரினெட் இடது கக்கத்துக்குப் போயிற்று. வலது கை தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டது. தலை குனிந்தது. எல்லாம் ஒரே மூச்சில், யாரோ உள்ளிருந்து கயிற்றை இழுத்த மாதிரி. அப்படியே அசையாமல் நின்றார்.

முதலாளி கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழித்தார். பின்னால் நின்றவரின் கைக்குட்டையை அவர் பார்க்கவில்லை. எதிரே நின்ற மாமாவைத்தான் பார்த்தார். கக்கத்தில் கிளாரினெட், நெஞ்சில் தொப்பி, குனிந்த தலை. அவர் கடை தெருவைப் பார்த்த கடை. எத்தனையோ ஊர்வலங்கள் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கும். அவருடைய சிரிப்பு மெதுவாகக் கழன்றது.

"இந்த மாரி நிக்கிறத நான் எங்கயோ பாத்திருக்கேன்லா" என்றார். "ரங்கூன்ல இப்டியா நிப்பாட்டுவாங்க?"

மாமா நிமிர்ந்தார். முதலாளியைப் பார்க்காமல் அவர் தலைக்கு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மாஸ்டரின் முகம் வெளிறிப்போயிருந்தது. கைக்குட்டை பொத்தின கைக்குள் மெதுவாகச் சுருங்கி, பைக்குள் நுழைந்தது. ஆமாம் என்று சொல்லுங்கள் மாமா, பட்டாளத்துப் பழக்கம் என்று சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். டிராமில் அவ்வளவு நேரம் படித்தது எதற்கு?

முதலாளி நாற்காலியில் உடம்பைத் திருப்ப ஆரம்பித்தார். "மாஸ்டர், ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே, இது எந்த..."

கேள்வி முடியவில்லை. மாமா குறுக்கே விழுந்து பேசினார். அவர் பெரியவர்கள் பேச்சில் குறுக்கே விழுந்து நான் பார்த்ததே இல்லை.

"நான் ரங்கூன் போனதே இல்ல முதலாளி. பொய் சொல்லிட்டேன். சீனங்க சாவுக்கு வாசிக்கிற பேண்டுலதான் இருந்தேன். அங்க பெட்டிய எறக்குனா இப்டித்தான் நிப்போம். பழக்கதோசம்."

முதலாளி திரும்பிய பாதியில் நின்று, மறுபடி மாமா பக்கம் திரும்பினார். பிறகு அவர் பேசியதையெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை. கெட்டவர் இல்லை அவர், பயந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் எவனாவது அடையாளம் கண்டுகொண்டால் தன் செட்டை அப்புறம் யார் கூப்பிடுவார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, யார் இல்லையென்றார்கள் என்றும் சொன்னார். கடைசியில், முடிவு சொல்ல வேண்டியவர் மாஸ்டர்தானே என்று அவரைக் கேட்டார்.

மாஸ்டர் கைக்குட்டை இருந்த பையின்மேல் கையை வைத்தார். செருமிக்கொண்டார். மாமா அவரைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி, லேசாகத் தலையை ஆட்டினார். 'சொல்லுங்கள், பரவாயில்லை' என்கிற மாதிரி.

"கல்யாண வீட்டுக்கு ஆவாது முதலாளி" என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான். படியில் இறங்கினோம். மாமா கிளாரினெட்டைப் பெட்டியில் வைக்கக்கூட இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினார். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஜனக்கூட்டத்தை இடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். டிராமில் ஏறவில்லை. நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். ஒரு முனையில் அவரை மறித்துக்கொண்டு நின்றேன். நீங்களாகவா நிறுத்தினீர்கள், அந்த மாஸ்டர்தானே கைக்குட்டையைத் தூக்கினார், அவரால்தானே இவ்வளவும், வாருங்கள், போய் முதலாளியிடம் சொல்லலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். மேலே ஏறிச் சொல்லிவிட்டு வர எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லியும் இருப்பேன்.

மாமா என் எதிரே குந்தி உட்கார்ந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். அவர் பிடித்து எனக்கு வலித்தது அன்றுதான்.

"நான் எங்க வாசிச்சேன்னு ஊரு பூரா சொல்லிக்க புள்ள. ஒங்கப்பாகிட்டயும் சொல்லு. அந்தக் கைக்குட்டய மட்டும் யாருகிட்டயும் சொல்லாத. அவருக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு."

கைக்குட்டைக்கும் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மாமா எழுந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். மழை அப்போதுதான் பிடித்தது.

வீட்டில் நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சாவு பேண்டு என்று கேட்டதும் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அந்தச் சட்டையோடா என் அடுப்பங்கரைக்குள் வந்தாய் என்று அழுதாள். அப்பா ஆச்சரியமாக ஒன்றும் திட்டவில்லை. படகு நேரத்தை மட்டும் இன்னொரு தடவை சொன்னார். கைக்குட்டையை நான் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாக அது எனக்குப் படவும் இல்லை. ஒரு துணியைக் கண்டு பாட்டைப் பாதியில் விட்டது மாமாவுக்கு வெட்கம், அதைத்தான் மறைக்கப் பார்க்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

சாவு ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டை நடத்திப் போன ஒருவருக்குத்தான் கைக்குட்டையை அப்படித் தூக்க வரும் என்பதோ, அந்தக் கேள்வி முடிந்திருந்தால் அந்தப் படியில் அன்று இரண்டு பேராக வேலை இழந்து இறங்கியிருப்பார்கள் என்பதோ எனக்கு அப்போது எட்டவில்லை. திங்கட்கிழமை படகுத்துறையில் மாமா ஒரு கையில் துணி மூட்டையும் ஒரு கையில் கிளாரினெட் பெட்டியுமாக ஏறினார். படகு நகர்ந்தபோது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. டிராமில் அவ்வளவு படித்த ஒரே ஒரு பொய்யைக்கூடக் கடைசி வரைக்கும் சொல்லத் துப்பில்லாத மாமா என்று எனக்கு அவ்வளவு கோபம்.