வண்டி நெற்றியில் இத்தாலிச் சொல்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயர் எழுதுவது என் தொழில். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் வாசிக்க வராது; படம் மாதிரி பார்த்து வரைந்துவிடுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. சொல்லின் பூர்வீகம்

செந்தில் இன்ஜினியரிங் படித்தவர். புது லாரியோடு பட்டறைக்கு வந்தார். முன் கண்ணாடிக்கு மேலே இருக்கும் நெற்றிப் பலகையில் குலதெய்வம் பெயர் எழுத மஞ்சள் எனாமல் பெயின்ட் கலக்கி வைத்திருந்தேன். அவர் செல்போனை நீட்டினார். அதில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது.

“இது ‘வெண்டெட்டா’ங்கண்ணா. பழிவாங்கறதுன்னு அர்த்தம். இத்தாலிக்காரன் சொல்லு, அதுக்கு மூலம் லத்தீனு. அங்க பக்கத்துல கார்சிகான்னு ஒரு தீவு. ஒருத்தனக் கொன்னா, செத்தவன் ஊட்டுக்காரங்க கொன்னவன் ஊட்டுல ஒருத்தனக் கொல்லோணும். அப்பறம் அவிய, மறுபடி இவிய. தலைமுறை தலைமுறையா ஓடும். இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்ல அப்படியே எடுத்துக்கிட்டான்.”

“யார் மேலங்க தம்பி பழி?”

“பெரியப்பா ஊட்டு மேலதான். அவரு பையன் பழனிசாமி அண்ணன் இதப் பாத்து வயிறெரியோணும்.”

“அவருக்கு இங்கிலீஷ் தெரியுமுங்களா?” என்றார் வண்டியோடு வந்திருந்த டிரைவர் கந்தசாமி.

“தெரியாது.”

“எழுதறவருக்கும் தெரியாது, ஓட்டற எனக்கும் தெரியாது. நல்ல பழிங்க!”

பகை எப்படி வந்தது என்று கேட்டேன்.

“வாய்க்கால் தண்ணி முறைன்னு அப்பா சொல்வாரு. கெடாவெட்டுல தலைக்கறி யாருக்குங்கறதுதான்னு அம்மா சொல்லும். சரியாத் தெரியலீங்க.”

சொல்லின் பூர்வீகத்தை ரோமாபுரி வரை தேடிப் போனவருக்குச் சொந்தப் பகையின் பூர்வீகம் தெரியவில்லை. செல்போனைப் பார்த்து அந்தச் சொல்லையே எழுதிக் கொடுத்தேன்.

2. தீட்டு

வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலில் வண்டிக்குப் பூஜை. அங்கிருந்தே முதல் லோடு ஏற்ற வேண்டும். அன்று காலையில் செந்திலின் பெரியப்பா இறந்துபோனார். பங்காளி வீட்டுச் சாவு என்றால் எல்லாப் பங்காளிக்கும் தீட்டு. கருமாதி முடியும்வரை கோயில் படி மிதிக்கக் கூடாது. பூஜை போடாத வண்டி ரோட்டில் இறங்கவும் கூடாது.

“நேரம் பாத்துச் செத்துப்போட்டாருங்கண்ணா!” என்று செந்தில் பட்டறையில் நின்று குதித்தார்.

“பகையாளிக்கு ஏதுங்க தீட்டு? அவியளுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டு வண்டிய எடுங்க,” என்றார் கந்தசாமி.

செந்தில் குதிப்பதை நிறுத்தினார். வண்டியை எடுத்தால் உறவு அதோடு முடிந்தது. அவர் அண்ணாந்து நெற்றிப் பலகையைப் பார்த்தார்.

“சின்னதுல பெரியப்பா தோள் மேல ஒக்காந்துதான் தேர் பாத்தேன்,” என்றார். சாவு வீட்டுக்குப் போனார். லோடு வேறொரு லாரிக்குப் போனது.

3. தரிசனம்

கருமாதி முடிந்து செந்திலும் பழனிசாமியும் மொட்டைத் தலையோடு ஒரே பைக்கில் பட்டறைக்கு வந்தார்கள்.

“என்னடா எழுதியிருக்குது?” என்றார் பழனிசாமி.

செந்தில் என்னைப் பார்த்தார். நான் பிரஷ்ஷைப் பார்த்தேன்.

“சாமி பேருங்கண்ணா. இத்தாலிச் சாமி.”

பழனிசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கந்தசாமி லாரிக்குப் பின்னால் போய் இருமினார்.

“இருந்தாலும் நம்ம சாமிய உட்டுப்போட்டு ஊரான் சாமி எதுக்குடா?”

“அழிச்சிருங்கண்ணா,” என்று செந்தில் என் காதோரம் சொன்னார்.

காய்ந்த எனாமல் லேசில் போகாது. எமரி ஷீட் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, குலதெய்வத்தின் பெயரை எழுதி முடிப்பதற்குள் என் தோள் கழன்றுவிட்டது.

அடுத்த மாதம் பழனிசாமி தன் லாரியோடு தனியாக வந்தார்.

“அந்த இத்தாலிச் சாமிக்குச் சக்தி இருக்குதுங்க. அது வந்த பொறகுதானுங்க தம்பி எங்க ஊட்டு வாசப்படி ஏறுனான். எம்பட வண்டிக்கும் எழுதுங்க.”

மஞ்சள் பெயின்ட் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே, புதியவர்களே, கோபத்தோடு வந்து பெயர் எழுதச் சொன்னால் முதலில் சாக்பீஸில் எழுதுங்கள். அந்த வீட்டில் ஒரு நல்லது கெட்டது கழியட்டும். சாக்பீஸ் ஈரத்துணிக்கே போய்விடும்.