நேரம் வருமுன் பிறந்த தாள்

என் அக்கா பியூலாவுக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு, மலையைப் பார்ப்பது. ராஜபாளையத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்குக் காகிதம் வெட்டுகிற வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நாலரை மணி பஸ்ஸில் இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்குப் போய் மிச்ச மலையையும் பார்ப்பாள். மலை நீலமாகி, நீலம் கருத்து, கடைசியில் வானம் எது மலை எது என்று தெரியாமல் போகும்வரை அங்கேயே இருப்பாள்.

"அங்க என்னக்கா, படமா ஓடுது?" என்று கேட்டால், "ஆமா, நீ இல்லாத படம்" என்பாள்.

இந்தச் சாயங்காலம் அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. முன்பெல்லாம் ஒரு பெரிய தாளில் எட்டுப் பத்திரிகைகள் வருகிற மாதிரி ஒவ்வொன்றாக மௌஸால் இழுத்து அடுக்குவாள். கிளம்ப எட்டு மணியாகும். போன வருஷம் இணையத்தில் ஒரு புரோகிராமைக் கண்டுபிடித்தாள். பட்டன், படம் ஒன்றும் கிடையாது. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், ஃபோல்டரில் இருக்கிற பக்கங்களை எல்லாம் அதுவே அடுக்கிக் கொடுத்துவிடும். எங்கோ குளிர் தேசத்தில் யாரோ எழுதி, உள்ளே இருப்பதை எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று ஊருக்கே திறந்துவிட்டது. அதிலிருந்துதான் அவளுக்கு நாலரை மணி பஸ்.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிந்த வாரத்தில் அந்தப் புரோகிராம் விழ ஆரம்பித்தது. காலையில் வரியைத் தட்டினால் பாதியில் நின்று, நாலு வரி இங்கிலீஷைக் கக்கிவிட்டுச் செத்துப்போகும். அதே வரியை மத்தியானம் தட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

"ஏலே சாம்சன், என்னலே பண்ணித் தொலைச்ச?"

"நான் தொடவே இல்லக்கா."

"போன மாசம் மௌஸ்ல பேட்டரிய உருவிட்டும் இதேதான் சொன்ன."

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசினேன். நம்புவதற்கு ஆள் இல்லை.

முதலாளி சீனிச்சாமி அண்ணாச்சி பொறுமைசாலிதான். ஆனால் மூன்றாம் நாள் அவருக்கும் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஓசியில வந்தது அப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை பெரிய எடத்து ஆர்டர். அன்னைக்கும் விழுந்துச்சுன்னா அத அழிச்சிரு. பழையபடி கையாலயே அடுக்கு, எட்டு மணியானாலும் பரவால்ல" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். அன்றைக்குப் பஸ்ஸில் அவள் மலையைப் பார்க்கவில்லை. அந்த நாலு வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஜெபம் மாதிரி உதட்டுக்குள் படித்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா சொல்லுது?"

"ஒரு நேரம் இன்னொரு நேரத்துக்குப் பிந்தி இருக்காம். கழிக்க முடியலயாம்."

மறுநாள் வியாழக்கிழமை. கடைக்குள் நுழைந்ததும் ஃபோல்டரில் ஒவ்வொரு தாளும் எத்தனை மணிக்கு உண்டானது என்று பார்த்தாள். முதல் தாளைக் கண்டதும் அவள் விரல் அப்படியே நின்றது. பிள்ளையார் சுழி மட்டும் போட்ட தாள் அது. அதில் பத்து ஐம்பது என்று இருந்தது. சுவரில் மணி ஒன்பது இருபது.

"சாம்சன், இங்க பாரு. இது இன்னும் பொறக்காத தாள்லே" என்றாள். குரல் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது.

அண்ணாச்சியிடம் கேட்டோம். அவர் முகம், திருட்டுத்தனமாக அல்வா தின்றவர் முகம் போல ஆனது. யார் வீட்டுப் பத்திரிகையானாலும் முதல் தாளை அவர் கையாலேதான் போடுவார். இந்து வீடென்றால் சுழி, கிறிஸ்தவ வீடென்றால் சிலுவை. அதை நல்ல நேரத்தில் போட வேண்டும். ஆர்டர் குவிந்ததில் அதுவரை காத்திருக்க முடியவில்லை. அதனால் நாங்கள் வருமுன் கம்ப்யூட்டர் கடிகாரத்தை நல்ல நேரத்துக்குத் தள்ளிவைத்து, தாளைப் போட்டுவிட்டு, திரும்பப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்துவிடுவார். ஒவ்வொரு தாளும் உண்டாகி எம்புட்டு நேரம் ஆனது என்று கணக்குப் பார்க்கிற புரோகிராம், இனிமேல்தான் வரப்போகிற நேரத்தைப் பார்த்து மயங்கி விழுந்திருக்கிறது.

"அவர இனிமே கடிகாரத்த மாத்தக்கூடாதுன்னு சொல்லிரு அக்கா. சோலி முடிஞ்சது" என்றேன் பஸ்ஸில்.

"யாரு கல்யாணமோ. நல்லா இருக்கட்டும்னுதானலே அவிய பண்ணுதாவ? அத எதுக்கு நிறுத்தணும்? இது விழாம இருக்கக் கத்துக்கிடட்டும்."

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் லேப்டாப்பை மடியில் வைத்து, யாரோ எழுதியதற்குள் இறங்கினாள். மேகம் மலை மேல் படுத்திருந்தது. திருத்தியது மூன்றே வரி: தாளின் நேரம் இனிமேல் வரப்போவதாக இருந்தால், இப்போதுதான் பிறந்தது என்று வைத்துக்கொள், விழாதே. திருத்தத்தை அந்தக் குளிர் தேசத்துக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அதை எழுதியவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: ஒரு தாள் எப்படி எதிர்காலத்திலிருந்து வரும்?

மூன்று தடவை எழுதி அழித்தாள். "எங்க ஊர்ல பேய் இருக்குன்னு போடு" என்றேன். குட்டு விழுந்தது. கடைசியில் எழுதினாள்: 'எங்கள் ஊரில் நல்ல வேலையை நல்ல நேரத்தில் தொடங்குவோம். சில நாள் நேரத்துக்கு முன்னாலேயே வேலை வந்துவிடுகிறது.'

வெள்ளிக்கிழமை நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். அண்ணாச்சி கம்ப்யூட்டர் முன்னால் தயங்கி நின்றார். "இன்னைக்கு வேணா மாத்தாம விட்டுரட்டுமாம்மா?"

"மாத்துங்க அண்ணாச்சி. மாத்துனாத்தான் தெரியும்."

மாத்தினார். சுழி போட்டார். திரும்ப வைத்தார். அக்கா தன் கையால் திருத்திய புரோகிராமை ஓட்டினாள். நான் காகிதம் வெட்டவில்லை, மூச்சும் விடவில்லை. கருப்புத் திரையில் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் தாளிடம் வந்ததும் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு தாண்டிப் போயிற்று. எட்டு எட்டாக, எல்லாம்.

"ஓடுதும்மா!" என்றார் அண்ணாச்சி. "அப்ப அழிக்க வேண்டாம், இருக்கட்டும்."

சாயங்காலம் மதுரை பஸ் வந்து நிற்கும் முன்பே இடதுபக்க ஜன்னல் வழியாக என் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். சீட்டில் உட்கார்ந்தவள் வெளியே ஒரு பார்வை பார்த்தாள்; ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். இரண்டு நாளாகக் கண்ணை மூடாத ஆள். போன் அவள் மடியிலிருந்து நழுவியது, பிடித்தேன். திரையில் அந்தக் குளிர் தேசத்துக்காரரின் பதில்: 'உங்கள் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன். உங்கள் ஊரில் நடக்கும் கல்யாணங்கள் நல்லபடி அமையட்டும்.'

வேறு நாளாக இருந்தால் அவள் காதுக்குள் கத்தியிருப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "தம்பி, உங்க ஸ்டாப்பு" என்றார்.

"அண்ணே, கிருஷ்ணன்கோவிலுக்கு ரெண்டு கொடுங்க" என்றேன் மெதுவாக. அடுத்த ஊர்தான்; அதுவரைக்கும் மலை இடதுபக்கம்தான் கூடவே வரும். முழித்தால் பார்த்துக்கொள்வாள்.