ஏகாம்பரம் முகம் பார்த்துத் துடுப்பு வலித்தோம்

முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது யூசுப் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டருகே நின்றிருந்தான். அவனுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். உள்ளே போயிருக்க வேண்டியவன். "ஏகாம்பரம் பூட்டாருபா. காலைல டீ குடிச்சிகினே இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. எங்காவது கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

நம் தொழிற்சாலைக்கு ஒரு படகுக்குழு இருந்தது என்பது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. பழையவர்கள் சிலருக்காவது நினைவிருக்கும். ஆவடிக்குப் பக்கத்து ஏரியில் ஒரு பழைய மரப்படகு. துடுப்பு வலிக்க நான், யூசுப், கோவிந்தசாமி, பிறகு மாற்றலாகிப் போய்விட்ட இன்னொருவர். பின்பக்கம், படகைத் திருப்பும் சுக்கான் கயிற்றோடு ஏகாம்பரம். எங்களைப் போல அவரும் ஃபிட்டர்தான். ராணுவத்தில் இருந்தபோது படகு பழகியவர். துடுப்பு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். வழி தெரிவது அவர் ஒருவருக்கு. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முகம்.

போட்டிக்குப் போகும் ஆசையில் சேர்ந்த எங்களை ஒரு பருவம் முழுக்க அவர் வேகமாக வலிக்கவே விடவில்லை. முதுகை அசைக்காமல் கையால் மட்டும் வலிக்கச் சொல்வார். துடுப்பு தண்ணீரைவிட்டு வந்ததும் "நிறுத்து" என்பார். நான்கு துடுப்பும் ஒரே உயரத்தில் அந்தரத்தில் நிற்க, படகு சாயாமல் வழுக்கிப் போக வேண்டும். சாய்ந்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு துடுப்பின் தட்டையான முனையை, பிளேடை, படுக்கவிடாமல் நிமிர்த்தியபடியே திரும்பக் கொண்டுபோகும் பயிற்சி. பிடியை மடிவரை தாழ்த்தாவிட்டால் பிளேடு அலையில் இடித்து எல்லோரும் நனைவோம். "தண்ணிய அடிக்காதீங்கபா, அது இன்னா பண்ணிச்சு உங்கள? உள்ள உடு, இழு, சத்தமில்லாம எடு."

ஒருநாள் கோவிந்தசாமி துடுப்பைப் போட்டுவிட்டார். "மிசின்லயும் இதே, இங்கயும் இதேவா? எப்பதான்யா ஓட்டப் போறோம்?"

ஏகாம்பரம் கோபிக்கவில்லை. "நல்லா களைச்சப்புறம் கை இன்னா செய்யுதோ, அதான் உனக்குத் தெரிஞ்சது. மீதியெல்லாம் சும்மா" என்றார்.

போட்டியில் மூன்றாவதாக வந்தோம். கலந்துகொண்டவை மூன்று படகுகள்.

அடுத்து வந்த ஐப்பசியில் ஏரி உடைப்பெடுத்துக் கரைக்குக் கீழிருந்த குடிசைகள் மூழ்கின. ஷிப்ட் முடித்துக் களைத்து வந்த நாங்கள் படகை எடுத்தோம். வழியெல்லாம் தண்ணீருக்குள் கருவேல முட்கள். "கை மட்டும்" என்பார், குட்டையாக வலிப்போம். "நிறுத்து" என்பார், துடுப்புகள் உயர்ந்து நிற்க, படகு கிளைகளுக்கு நடுவே தானாக நழுவும். ஒரு துடுப்புகூட முள்ளில் மாட்டவில்லை. என்ன வருகிறதென்று எங்களுக்குத் தெரியாது. அவர் கண் சுருங்குவதும் விரிவதும்தான் எங்களுக்கு வழி.

இரண்டாவது நடையில் பெண்களும் குழந்தைகளுமாகப் படகு நிரம்பிவிட்டது. ஓட்டு வீட்டுக் கூரைமேல் ஒரு பெரியவர் மிஞ்சினார். "எறங்காத பெரியவரே, அங்கியே குந்து. தோ வந்துர்றோம்" என்றார் ஏகாம்பரம். நாங்கள் திரும்பி வந்தபோது சுவர் கரைந்து கூரை சரிந்து கிடந்தது. முதுகு காட்டி வந்த எங்களுக்கு அது தெரியவில்லை. ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இருட்டும்வரை தேடினோம். தண்ணீர் வடிந்த பிறகுதான் உடல் கிடைத்தது.

தொழிற்சாலையில் எங்களுக்கு மாலை போட ஏற்பாடு செய்தார்கள். ஏகாம்பரம் வரவில்லை. பெரியவரின் மகள் பட்டாபிராமில் இருப்பதாக விசாரித்து அங்கே கிளம்பினார். மேடை ஏற எனக்கும் மனமில்லை, கூடவே போனேன். அந்த அம்மா வாசலிலேயே கேட்டாள், "தண்ணி கம்மியா இருந்தப்பவே எறங்கி வந்திருக்கலாமே எங்க நைனா?"

"வந்திருப்பாருமா. நாந்தான் எறங்காதன்னேன்."

அதை அவர் சொல்லாமலிருந்தால் யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு, "பயந்தாரா?" என்றாள்.

"இல்லமா. பீடி கீதான்னு கேட்டாரு. நனைஞ்சிடுச்சின்னேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அது பாதியில் அழுகையாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஓவர்டைம் கூடியது, குழு கலைந்தது, படகும் மக்கிப் போனது. ஏகாம்பரத்தோடு கேன்டீனில் பேசியதெல்லாம் முதுகுவலியைப் பற்றித்தான்.

நேற்று பட்டாபிராம் போனேன். அந்த அம்மாவுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஏகாம்பரம் போய்விட்டார் என்று சொன்னேன். "அதான் இந்த வாட்டி வரலியா?" என்றாள். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் வந்து, வீட்டைச் சுற்றி நடந்து, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போவாராம். எங்கள் யாருக்கும் அவர் இதைச் சொன்னதில்லை.

துடுப்புப் பிடித்த கைப்பழக்கம் எனக்கு என்றோ மறந்துவிட்டது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது, சொல்லக் கடினமானதைச் சொல்ல இன்னொருவரை அனுப்பாமல் நானே போவது. நேற்றுதான் முதல்முறையாக அதைச் செய்தேன். திரும்பும் ரயிலில் இடம் இருந்தது. ஆனால் நான் இறங்கும் திருமுல்லைவாயில் வரும்வரை, போகும் திசையைப் பார்த்தபடி நின்றுகொண்டே வந்தேன்.