வேனில் காலியாக இருந்த இடம்

இரண்டாயிரத்து நாலில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டினேன். வேலையாட்களை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்வேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமோ எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதுக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே மணி அடித்த பிறகுதான் அரசு பஸ்ஸே எங்கள் ஊருக்கு வரும்.

அந்த வருஷம் ஒன்பதில் சேர்ந்திருந்த பக்கத்துத் தெரு மாரீஸ்வரி ஒருநாள் வேனை மறித்தாள். “அண்ணாச்சி, பின்னால எடம் சும்மாதான கெடக்கு. போற வழியில பள்ளிக்கூடத்துல எறக்கி விடுங்க.”

“கம்பெனி ஆளுகளைத்தான் ஏத்தணும் தாயி,” என்றேன்.

அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. போர்மேனிடம் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான்.

வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு நடந்தே போனாள். தினமும் பிந்தினாள், தினமும் வகுப்புக்கு வெளியே நின்றாள். தை மாதம் படிப்பை விட்டாள்.

ஆனியில் தூக்குவாளியோடு என் வேனுக்கு வந்தாள், கம்பெனி வேலைக்கு.

“ஏறு தாயி, எடம் கெடக்கு,” என்று சொல்லிவிட்டேன்.

“இப்ப மட்டும் எடம் எங்கருந்து வந்துச்சு அண்ணாச்சி?”

அன்றே போர்மேனிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். “இதையெல்லாமா கேப்பீக? படிக்கிற பிள்ளைகளை ஏத்திட்டு வாங்க.”

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்தி, அவளை இறங்கச் சொன்னேன்.

“பேரை அடிச்சு அஞ்சு மாசமாச்சு. வண்டிய எடுங்க அண்ணாச்சி, லேட்டாகுது.”

எடுத்தேன்.

நேரத்துக்கு ஒரு பஸ் விடாதவர்கள் மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் அவர்களைத் திட்ட வாயைத் திறக்கும்போதெல்லாம், அன்று இந்த வாய் எங்கே போயிருந்தது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.