லேசர் விட்டுவைத்த களை

களை எடுக்க வந்த பெண்களை, “இனிமே லேசர் பாத்துக்கிடும்” என்று திருப்பி அனுப்பியவன் நான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் இப்படியொரு வாக்கியத்தைச் சொன்ன முதல் மடையன் நானாகத்தான் இருப்பேன்.

சொல்ல வைத்தவர், களையெடுக்கும் மிஷினை விற்க வந்த கம்பெனிக்காரர். ஒல்லியான மனிதர், கரிசலில் நடந்தும் அழுக்காகாத வெள்ளை ஷூ. பேசத் தொடங்குமுன், மாதிரிக்குக் கொண்டுவந்த லேசர் சென்சாரின் கண்ணாடியைக் கைக்குட்டையால், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பார்.

“லேசரை மறிக்கிற உயரத்துல நிக்கது பருத்தி, கத்தி விலகிரும். அதுக்குக் கீழ நிக்கது களை, வெட்டிரும். மிஷின் வார வரைக்கும் களையெடுக்காதீங்க அண்ணாச்சி, அதுக்கும் வேலை வேணும்லா?”

மிஷின் வர நாளாகிவிட்டது. அதற்குள் களை பருத்தியைத் தாண்டி வளர்ந்திருந்தது. லேசர் களைக்கெல்லாம் மரியாதையாக வழிவிட, கத்தி பருத்தியை வெட்டித் தள்ளியது. கம்பெனிக்காரர் அந்தக் களைக்கு நடுவே என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு, “சரிபண்ணிருவோம் அண்ணாச்சி” என்றார். நம்பினேன்.

அடுத்த மாதம் மேலநீலிதநல்லூரில் விவசாயிகள் கூட்டம். முன்வரிசையில் நான். மேடையில் அவர் சென்சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, திரையில் அந்தப் படத்தைக் காட்டினார்.

“களையே எடுக்காத விவசாயிக்கு எந்த மிஷினும் ஒண்ணும் செய்ய முடியாது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பில் துளியும் வஞ்சம் இல்லை என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரர் ஆறுதல் சொன்னார்: “விடும் வே. போட்டோல களையாவது நல்லா செழிப்பா விழுந்திருக்கு.”