மாஸ்டருக்கு எதற்கு மரப்பெட்டி

1. மாதக் கடைசி

“மாஸ்டர், இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பேன். அதுக்குப் பிறகும் உதைச்சா நுவரெலியாவுக்கு அனுப்பிருவேன். ஏரிக்கரையில புள்ளைகள ஏத்திக்கிட்டுச் சுத்தட்டும்.”

முதலாளி இதைச் சந்தனத்தின் முகத்துக்கு நேரேதான் சொன்னார். சந்தனம் எங்கள் லாயத்தின் எட்டு வயதுப் பெண் குதிரை. தெல்தெனியவுக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும் மேட்டில் பதினெட்டு வருடமாகக் குதிரையேற்றம் பழக்குகிறேன். இவளைப் போல ஒருத்தி வாய்த்ததில்லை. அவள் ஓடினால் மேட்டில் காற்று எழுந்து கூடவே வரும். அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாகச் சேணத்தைக் கண்டாலே காதுகளை மடக்கினாள். வயிற்றுப் பட்டியை இறுக்கினால் கடிக்க வந்தாள். ஏறினால் உதைத்தாள். ஏரிக்கரை வேலையில் பொழுது சாயும்வரை சேணம் இறங்காது. இந்த நிலையில் அங்கே போனால் அவள் கதை முடிந்தது.

2. ஆளுக்கொரு வைத்தியம்

குதிரை பராமரிக்கும் நசீர் நானா, மடவளைக்காரர், என்னைவிட மூத்தவர். “கண்ணூறு பட்டு ஈக்குது மாஸ்டர்” என்று கதவில் தேசிக்காயும் மிளகாயும் கட்டினார். முதலாளி புசல்லாவையிலிருந்து மாட்டுக்குப் பூசும் எண்ணெய் வரவழைத்தார். ஞாயிறுகளில் பழக வரும் வங்கி உத்தியோகத்தர் கைப்பேசியை நீட்டினார்: “சேர், இந்த வீடியோவுல கறுவாத்தூள் குடுக்கச் சொல்றாங்க.”

குதிரையின் முதுகைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள். எனக்குத் தலை வெடித்தது. பழக வருகிறவர்கள் மீது பாய்ந்தேன். கொத்துரொட்டியை வயிறு முட்டத் தின்றுவிட்டு வருவது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவதுபோல லகானில் தொங்குவது.

“உங்க இடுப்புல பலம் இல்லன்னா அந்தப் பாரத்தை யாரு சுமக்கிறது? அதுதானே!” என்று கத்தி, எல்லாரையும் மேட்டில் நடக்க வைத்தேன். மரப்பெட்டி மேல் நின்றுதான் குதிரையேற வேண்டும், நிலத்திலிருந்து ஏறினால் அதன் முதுகு இழுபடும் என்று பலகையில் எழுதியும் வைத்தேன். கண்டவர்களும் ஏறிக் கெடுத்தது போதும் என்று சந்தனத்தின் மீது என்னைத் தவிர ஒருவரையும் ஏறவிடவில்லை.

நான் மட்டும் நிலத்திலிருந்துதான் ஏறுவேன். மாஸ்டருக்கு எதற்குப் பெட்டி?

3. இன்னொருக்கா ஏறுங்கோ

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது பேராதனையிலிருந்து மிருக வைத்தியர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், அதிகம் பேசாதவர். பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார். பிறகு, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் இரண்டு விரலால் அழுத்தினார். இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் அழுத்தியதும் சந்தனம் முதுகைத் தாழ்த்தி விலகினாள்.

“ஆர் இவளில ஏறுறது?”

“நான் மட்டுந்தான் டொக்டர். வேற யாரையும் விடுறதில்ல” என்றேன், பெருமையாக.

“ஓம். ஒருக்கா ஏறிக் காட்டுங்கோ.”

ஏறினேன். “இறங்கி இன்னொருக்கா ஏறுங்கோ.” ஏறினேன். மூன்றாம் தடவை சேணத்தில் கை வைத்ததுமே சந்தனத்தின் காதுகள் மடங்கின.

“போதும், விடுங்கோ. உங்கட இடது முழங்காலுக்கு என்ன?”

போன வருடம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தது. அதன்பின் அங்கவடியில் அந்தக் காலை முழுதாக ஊன்றி எழ முடிவதில்லை. கையால்தான் இழுத்து ஏறுவேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

“காலால எழும்பாமச் சேணத்தைப் பிடிச்சு இழுக்கிறியள். அது இடப்பக்கம் சரிய, வலப்பக்கம் இந்த மேட்டில போய் நெரிக்குது. ஒவ்வொரு நாளும், அதே இடத்தில. குதிரைக்கு விசரில்லை மாஸ்டர், நோகுது.” பலகையைத் திரும்பிப் பார்த்தார். “உது ஆர் எழுதினது?”

நசீர் நானா தொண்டையைச் செருமிக்கொண்டு தேசிக்காயைக் கழற்றப் போனார்.

4. ஆறு வாரம்

ஆறு வாரம் சேணமே வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் டொக்டர். அன்றே கண்டிக்குப் போய் முதலாளியின் கடையில் நின்றேன்.

“குதிரையில பிழையில்லைங்க. நான்தான் இந்த நொண்டிக் காலோட ஏறிக் கெடுத்தது.”

அவர் என் காலைப் பார்த்தார். “அப்ப ஏரிக்கரைக்கு உங்களத்தான் அனுப்பணும்.” சிரிக்காமல் சொன்னார். பிறகு, “ஆறு வாரம். அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல.”

மறுநாளிலிருந்து வங்கி உத்தியோகத்தரை ஏறவைத்த அதே மேட்டில் நான் ஏறினேன். முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சிக்கு நசீர் நானாதான் கணக்கு. “முப்பது சென்னீங்க மாஸ்டர், இருவத்தேழுதான் ஆகி ஈக்குது.” அந்த ஆளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஏழாவது வாரம் பஞ்சு மாற்றி அடைத்த சேணத்தோடு சந்தனத்தின் மீது முதலில் ஏறியது வங்கி உத்தியோகத்தர். பெட்டியிலிருந்து, பஞ்சு மாதிரி உட்கார்ந்தார். அவள் உதைக்கவில்லை. முதலாளி வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். நுவரெலியாப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: குதிரை உதைத்தால், கடைசியாக ஏறியவனை முதலில் விசாரியுங்கள். அது நீங்களாக இருந்தாலும்.

இப்போது நானும் பெட்டியில் நின்றுதான் ஏறுகிறேன். நான் பெட்டியில் கால் வைத்ததும் சந்தனம் இன்றைக்கும் ஒரு காதை மடக்குகிறாள். அந்தக் காது நிமிரும்வரை நின்று கொண்டிருப்பேன்.